குளிசையும் குழுவும்: கவனக் குறைபாடுடைய பிள்ளைகளுக்குச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

ஓரிடத்தில் அமர்ந்திருக்க மாட்டாத பிள்ளை, சொல்லிய சொல்லை முற்றக் கேளாது எழுந்தோடும் பிள்ளை, தொடங்கிய கணக்கை முடிக்குமுன் சாளரத்துக்கு வெளியே கண்ணைச் செலுத்தும் பிள்ளை. இத்தகையோர் இல்லாத வகுப்பு எந்நாட்டிலும் அரிது. நெடுங்காலமாக உலகம் இவர்களைக் குறும்பர் என்றும் சோம்பர் என்றும் வழங்கிற்று. பிரம்பே இவர்களுக்கு மருந்தாகவும் இருந்தது. இவர்களுள் ஒரு சாரார் வேண்டுமென்றே தவறு செய்பவரல்லர், தம்மை அடக்கும் ஆற்றல் வயதுக்கேற்ப வளரப்பெறாதவர் என்னும் உண்மை மருத்துவ உலகிற்குச் சிறிது சிறிதாகவே புலப்பட்டது. புலப்பட்ட பின்னரும், இவர்களுக்கு வேண்டுவது மருந்தா, பயிற்சியா என்னும் வினா அரை நூற்றாண்டுக்கு மேல் அறிஞரை இரு கட்சியாகப் பிரித்து வைத்தது. அவ்விரு கட்சிகளும் பிரிந்தும் பின் நெருங்கியும் வந்த வரலாறு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையில் நின்று பாடஞ் சொல்லும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் அதிலே பங்குண்டு.

குறும்பு நோயெனக் காணப்பட்டமை

ஸ்கொத்லாந்து நாட்டு வைத்தியரான அலெக்சாண்டர் கிறைற்றன் 1798ஆம் ஆண்டில் மனநோய் பற்றி வெளியிட்ட நூலிலே, கவனம் என்னும் ஆற்றலுக்குத் தனி அத்தியாயம் ஒன்று வகுத்தார். ஒரு பொருளில் மனத்தை நிறுத்த இயலாமை சிலரிடம் பிறவியிலேயே அமைந்திருக்கக் கூடுமென்றும், அது பிள்ளைகளின் கல்விக்கு இடையூறாகுமென்றும் அவர் எழுதினார். எனினும் அக்கருத்து அக்காலத்தில் வேரூன்றவில்லை.

ஒரு நூற்றாண்டின் பின், 1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஜோர்ஜ் பிரெடரிக் ஸ்ரில் என்னும் குழந்தை வைத்தியர் இலண்டன் வைத்தியர் பேரவையில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார. அறிவிலே குறைவில்லாதிருந்தும் ஆசையையும் ஆத்திரத்தையும் அடக்கமாட்டாத பிள்ளைகள் சிலரை அவர் விவரித்தார். அவர்களுட் பெரும்பாலோர் ஆண் பிள்ளைகள். தண்டனை அவர்களைத் திருத்தவில்லை என்பதும், தண்டிக்கப்பட்ட சில நாழிகைக்குள்ளேயே அதே தவற்றை மீண்டுஞ் செய்தனர் என்பதும் ஸ்ரில் கண்ட உண்மைகள். அவர் இதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு என்றே பெயரிட்டார். பெயர் பழையதாயினும், அக்குறைபாட்டுக்கு உடலிலே காரணம் இருத்தல் கூடும் என்ற கருத்து புதியதாக இருந்தது.

முதலாம் உலகப் போரையொட்டி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய மூளையழற்சிக் கொள்ளைநோய் அக்கருத்துக்கு வலுவூட்டிற்று. உறக்க நோய் எனப் பொதுமக்கள் வழங்கிய அந்நோயை வியன்னா நகரத்து வைத்தியரான பொன் எக்கோனமோ 1917ஆம் ஆண்டில் விவரித்தார். அந்நோயினின்றும் உயிர் தப்பிய பிள்ளைகள் பலர் முன்பு அமைதியானவராயிருந்தும், பின்பு ஓயாத இயக்கமும் பொறுமையின்மையும் உடையராயினர். மூளையிலே நேர்ந்த மாற்றம் நடத்தையை மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் இதனாலே ஒரு தவறான முடிவும் பிறந்தது. அடங்காத பிள்ளை ஒவ்வொருவருக்கும் மூளையிலே சிறு காயமேனும் இருக்கவேண்டும் என வைத்தியர் பலர் கருதலாயினர். காயத்துக்குரிய அடையாளம் எதுவுங் காணப்படாத பிள்ளைகளும் இப்பெயருக்கு உட்பட்டனர். 1960களிலேதான் காயம் என்னுஞ் சொல்லை விடுத்துச் செயற்குறைபாடு என்னுஞ் சொல்லை வழங்கும் வழக்கம் நிலைபெற்றது.

பிராட்லி இல்லமும் கணக்குக் குளிசையும்

அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்திலே, கிழக்குப் புறொவிடென்ஸ் என்னும் ஊரில், 1931ஆம் ஆண்டு எம்மா பென்டில்ற்றன் பிராட்லி இல்லம் திறக்கப்பட்டது. ஜோர்ஜ் பிராட்லி என்னுஞ் செல்வரின் ஒரே மகள் எம்மா, இளமையிலே மூளையழற்சி கண்டு வாழ்நாள் முழுவதும் நலிவுற்றவர். தம் மகளுக்குக் கிடையாத சிகிச்சை பிற பிள்ளைகளுக்கேனும் கிடைக்கவேண்டும் எனக் கருதிய அச்செல்வர், தம் உடைமையை இவ்வில்லத்துக்கென மரணசாதனத்தில் எழுதி வைத்தார். பிள்ளைகளின் மனநோய்க்கென்றே அந்நாட்டில் அமைந்த முதல் வைத்தியசாலை இதுவேயாகும். பிள்ளைகள் அங்கே தங்கியிருந்தனர். பாடசாலை ஒன்றும் அங்கேயே நடைபெற்றது. ஆசிரியர், தாதியர், வைத்தியர் ஆகிய மூவரும் ஒரே பிள்ளையை நாள் முழுவதும் வெவ்வேறு கோணத்திலிருந்து நோக்கும் வாய்ப்பு அவ்வில்லத்தில் இருந்தது. பின்னர் நிகழ்ந்த கண்டுபிடிப்புக்கு இவ்வமைப்பே காரணமாயிற்று.

1930களில் அவ்வில்லத்தின் வைத்தியராயிருந்தவர், அதனை நிறுவிய செல்வரின் உறவினரான சார்ள்ஸ் பிராட்லி என்பவர். பிள்ளைகளின் மூளையைக் கதிர்ப்படம் எடுப்பதற்காக முள்ளந்தண்டிலுள்ள நீரை வடித்துக் காற்றை உட்செலுத்தும் முறை அந்நாளில் வழக்கிலிருந்தது. அச்சோதனைக்குப் பின் பிள்ளைகளுக்குக் கடுந்தலைவலி உண்டாகும். வடித்த நீர் விரைவில் மீண்டும் ஊறினால் தலைவலி நீங்கும் எனக் கருதிய பிராட்லி, அதன்பொருட்டுப் பென்சிட்றீன் என்னும் அம்பெற்றமீன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலிக்கு அதனாற் பெரும்பயன் விளையவில்லை. ஆனால் ஆசிரியர்கள் வேறொரு புதுமையைக் கண்டனர். மருந்துண்ட பிள்ளைகளிற் சிலர் அமைதியாக அமர்ந்து பாடத்தை விருப்பொடு செய்யலாயினர். கணக்கு வேலையிலே அம்மாற்றம் வெளிப்படையாகத் தோன்றியமையாற் பிள்ளைகள் தாமே அம்மருந்துக்குக் கணக்குக் குளிசை எனப் பெயரிட்டனர்.

பிராட்லி இதனை முறைப்படி ஆராய்ந்தார். 5 முதல் 14 வயது வரையுள்ள 30 பிள்ளைகள், ஆண் 21 பேரும் பெண் 9 பேரும், மூன்று வாரம் கவனிக்கப்பட்டனர். இடை வாரத்தில் மாத்திரம் மருந்து கொடுக்கப்பட்டது. 14 பிள்ளைகளிடம் பள்ளிக்கூட வேலையிலே வியக்கத்தக்க முன்னேற்றங் காணப்பட்டது. மருந்து நின்றதும் முன்னேற்றமும் நின்றது. 1937ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இம்முடிவுகள் அமெரிக்க மனமருத்துவ வெளியீட்டில் வந்தன. ஊக்கமூட்டும் மருந்தொன்று ஓயாத பிள்ளையை எவ்வாறு அமைதிப்படுத்தும் என்பது அவருக்கே புதிராயிருந்தது. அப்புதிர் நாற்பதாண்டின் பின்னரே அவிழ்ந்தது. யூடித் றப்பப்போட் என்பவரும் அவர் துணைவரும் குறைபாடு யாதுமில்லாத சிறுவர்க்கு அவ்வின மருந்தைக் கொடுத்துச் செய்த ஆராய்ச்சி 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சிறுவர்களும் அவ்வாறே அமைதியும் கவனமும் உடையராயினர் என அது காட்டிற்று. ஆகவே மருந்துக்கு ஒரு பிள்ளை இணங்கிவிட்டான் என்பதைக் கொண்டு அவனுக்கு நோய் உண்டு எனத் துணிதல் பொருந்தாது என்பது பெறப்பட்டது.

பிராட்லி தம் கட்டுரையிலேயே ஓர் எச்சரிக்கையும் விடுத்திருந்தார். ஆராயாது மருந்தை வழங்கின் அது குறியை மறைத்து, உள்ளே கிடக்கும் காரணத்தையும் காணவொட்டாமற் செய்துவிடும் என்பதே அது. அவருடைய இல்லத்திலே பிள்ளைகள் மருந்தை மாத்திரம் பெற்றவரல்லர். ஒழுங்கான நாளும், தேர்ந்த ஆசிரியரும், கூடி வாழும் பயிற்சியும் அவர்களுக்கு முன்னரே இருந்தன. மருந்து அவற்றின்மேல் வந்து சேர்ந்தது. இந்நுட்பம் பின்வந்தோராற் போதிய அளவு நினைக்கப்படவில்லை.

குழுச் சிகிச்சையின் தோற்றம்

குழுவாகக் கூட்டிச் சிகிச்சை செய்யும் முறை மனநோயில் தோன்றியதன்று. பொஸ்ரன் நகரத்து வைத்தியரான யோசேப்புப் பிராற் 1905ஆம் ஆண்டில் வறிய காசநோயாளரை வாரந்தோறும் ஒருங்கு கூட்டி, நோயைப் பேணும் வகையைக் கற்பித்தார். ஒருவர் தேறுவதைக் கண்டு மற்றவர் ஊக்கம் பெற்றனர். தனித்தனியே கூறியபோது பலியாத அறிவுரை, கூட்டத்திலே கூறியபோது பலித்தது.

இதனைப் பிள்ளைகளுக்கெனத் திருத்தி அமைத்தவருள் முதன்மையானவர் சாமுவேல் ஸ்லாவ்சன். உக்கிரேனிலே பிறந்து அமெரிக்கா சென்று பொறியியல் பயின்ற இவர், 1934ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரின் யூத சமூகப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றிலே பிள்ளைகளுக்குச் செயற்குழுச் சிகிச்சையைத் தொடங்கினார். எட்டுப் பேர் அளவிலான சிறு குழு. மரவேலைக் கருவிகளும் வண்ணங்களும். இறுதியிற் கூடியிருந்து உண்ணும் சிற்றுண்டி. ஏசாமலும் அடிக்காமலும் உடனிருக்கும் ஒரு பெரியவர். இவையே அச்சிகிச்சையின் உறுப்புக்கள். ஆணையிடுவோர் இல்லாதவிடத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் திருத்துவர் என்பது அவர் கொள்கை.

ஒதுங்கிக் கிடந்த பிள்ளைகளுக்கு இம்முறை பயன்பட்டது. ஆனால் தம்மை அடக்கமாட்டாத பிள்ளைகளைக் கட்டுப்பாடின்றி ஒருங்கு விட்டால், ஒருவன் குறும்பு மற்றொருவனுக்கு மாதிரியாதலும் உண்டு. தீயொழுக்கமுள்ள இளைஞரைக் குழுவாகக் கூட்டுவதே சில வேளை தீமையை வளர்க்கும் என 1999ஆம் ஆண்டில் தொமஸ் டிசியனும் அவர் துணைவரும் எடுத்துக்காட்டினர். குழு என்னும் பெயர் மாத்திரம் நோயைத் தீர்க்காது. அக்குழுவுக்குள் நிலவும் ஒழுங்கே தீர்ப்பது என்பது இதனால் விளங்கும்.

இரு நெறிகளும் பிரிந்து நின்ற காலம்

பிராட்லியின் கட்டுரைக்குப் பின் கால் நூற்றாண்டு வரை அமெரிக்க மனமருத்துவத்தில் உளப்பகுப்பு நெறியே மேலோங்கி நின்றது. பிள்ளையின் அடங்காமைக்குக் காரணம் தாய் தந்தையரின் உறவிலே தேடப்பட்டது. மருந்து தாழ்வான வழியெனக் கருதப்பட்டது. இதற்கிடையில், சுவிற்சர்லாந்திலே பேசல் நகரத்துச் சீபா நிறுவனத்தில் வேலை பார்த்த லியாண்ட்ரோ பனிற்சோன் என்னும் இரசாயன அறிஞர் 1944ஆம் ஆண்டில் மெதைல்பெனிடேற் என்னும் மருந்தை ஆக்கினார். தம் மனைவி மாகரீற்றாவின் செல்லப் பெயரான றீற்றா என்பதனையொட்டி அதற்கு றிற்றலின் என்னும் பெயர் வந்தது. 1950களின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்த அம்மருந்து, முதலிலே சோர்வுற்ற முதியோருக்கே பெரும்பாலும் கொடுக்கப்பட்டது.

லியோன் ஐசன்பேர்க்கும் கீத் கொனர்சும் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அதனைப் பிள்ளைகளின்பால் திருப்பிற்று. வெற்றுக் குளிசை பெற்றவரோடு ஒப்பிட்டு மருந்தின் பயனை அளக்கும் முறை இத்துறையில் வேரூன்றியது அக்காலத்திலேயாம். பிள்ளையின் நடத்தையை ஆசிரியரே அளந்து எழுதும் மதிப்பீட்டுப் பத்திரம் ஒன்றையும் கொனர்ஸ் 1969ஆம் ஆண்டில் வெளியிட்டார். வைத்தியசாலை அறையிலே பத்து நிமிடம் அடங்கியிருக்கும் பிள்ளை, நாற்பது பேர் உள்ள வகுப்பில் அவ்வாறிருப்பதில்லை. ஆதலின் ஆசிரியரின் சாட்சி இன்றி இந்நோயைத் துணிதல் அரிது என்பது அப்பத்திரத்தால் உறுதிப்பட்டது.

மருந்து பரவப் பரவ அச்சமும் பரவிற்று. 1970ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஒமாகா நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஐந்து முதற் பத்துப் பேர் வரை நடத்தையை மாற்றும் மருந்து பெறுகின்றனர் என வாசிங்டன் நாளிதழொன்று எழுதிற்று. அத்தொகை மிகையென மறுக்கப்பட்டபோதிலும், அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று இதனை விசாரிக்க நேர்ந்தது. கற்பிக்க இயலாத ஆசிரியர் பிள்ளைகளை மருந்தால் அடக்குகின்றனர் என்பது ஒரு சாரார் குற்றச்சாட்டு. உதவி வேண்டிய பிள்ளைக்கு உதவியை மறுத்தல் கொடுமை என்பது மற்றையோர் மறுமொழி. இரண்டிலும் உண்மையுண்டு. நோயின் பெயரும் இக்காலத்திலேயே மாறிற்று. மிகையியக்கம் என 1968ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது, மொன்றியல் நகரத்து உளவியலறிஞர் வேர்ஜினியா டக்ளசின் ஆராய்ச்சிகளை அடுத்து, 1980ஆம் ஆண்டிற் கவனக் குறைபாடு எனப் பெயர் பெற்றது. 1987ஆம் ஆண்டில் அவ்விரண்டும் ஒரு பெயருள் இணைக்கப்பட்டன.

கோடைப் பாசறை

உளப்பகுப்பு நெறி தளர்ந்தபோது, நற்செயலுக்கு உடனே பாராட்டும் தவற்றுக்கு உடனே இழப்பும் அளித்துப் பழக்கத்தை மாற்றும் நடத்தை நெறி எழுந்தது. நியூ யோர்க் மாநிலத்திலே ஓலியரி என்பவரும் அவர் மாணவரும் நாளறிக்கை அட்டை முறையை 1976ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு பிள்ளைக்கு இன்றியமையாத மூன்று நான்கு குறிக்கோள்களை ஆசிரியர் அட்டையில் எழுதுவார். அவை நிறைவேறினவா என நாள்தோறும் குறித்து வீட்டுக்கு அனுப்புவார். வீட்டிலே பெற்றோர் அதற்கேற்ற பரிசளிப்பர். செலவில்லாத இம்முறை இன்றளவும் பயன்பட்டு வருகின்றது.

அவ்வாராய்ச்சியிற் பங்குகொண்ட வில்லியம் பெலம், 1980ஆம் ஆண்டில் புளோறிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு கோடைப் பாசறையைத் தொடங்கினார். மருந்தையும் குழுவையும் ஒரே கூரையின்கீழ் வைத்து அளக்கும் வாய்ப்பு இதனாற் பிறந்தது. பன்னிரண்டு பேர் அளவான ஒத்த வயதுப் பிள்ளைகள் ஒரு குழு. எட்டு வாரம், வாரநாள் தோறும் காலை முதல் மாலை வரை, அவர்கள் ஒருங்கே கற்றனர், ஒருங்கே பந்தாடினர், நீந்தினர். நாளுக்குச் சில மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் விளையாட்டும் தோழமைப் பயிற்சியும். உதவி செய்தல், பங்கிட்டுக் கொள்ளல், தோல்வியைப் பொறுத்தல் ஆகியவற்றுக்குப் புள்ளி சேரும். ஏச்சுக்கும் இடையூறுக்கும் புள்ளி குறையும். குழுவை நடத்திய இளைஞர் புள்ளிகளை அவ்வப்போதே உரக்கக் கூறுவர். இந்நோயுள்ள பிள்ளைக்கு நெடுநாள் கழித்து வரும் பரிசினால் பயனில்லை; செயலும் பயனும் அடுத்தடுத்து நிற்றல் வேண்டும் என்பதே இதன் நுட்பம்.

பெற்றோரும் வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பயின்றனர். ஒரு தாயின் துன்பம் மற்றொரு தாய்க்கும் உரியதெனக் கண்டபோது, தம் வளர்ப்பிலே குற்றம் என நாணியிருந்தோர் வாய் திறந்தனர். பிராற் காசநோயாளரிடம் கண்டது இங்கும் காணப்பட்டது.

மருந்து வேண்டிய பிள்ளைக்கு ஒருநாள் மருந்தும் மற்றொருநாள் வெற்றுக் குளிசையும் கொடுத்து, எது என அறியாத துணைவர் எழுதிய குறிப்பைக் கொண்டே அளவு துணியப்பட்டது. இவ்வாறு நடந்த ஆராய்ச்சிகள் இரண்டு உண்மைகளைத் தந்தன. குழுவின் ஒழுங்கு வலுவாக உள்ளவிடத்துச் சிறிய அளவு மருந்தே போதுமானதாயிற்று. ஒழுங்கு தளர்ந்தவிடத்து அப்பயனைப் பெறப் பேரளவு வேண்டியதாயிற்று என்பது ஒன்று. மற்றொன்று பந்தாட்டத்திலே விளங்கியது. மருந்துண்ட நாளிலே பிள்ளை ஆட்டத்தின் போக்கைக் கவனித்தான். ஆனால் அடிப்படை ஆட்டத் திறமையை மருந்து தரவில்லை. அதனைப் பயிற்சியே தரவேண்டியிருந்தது.

பேராராய்ச்சியும் அதன் பின்விளைவும்

இணைந்த சிகிச்சை மேலானது என்னும் நம்பிக்கைக்கு முன்னரே ஒரு சான்று இருந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வைத்தியர் யேம்ஸ் சற்றர்பீல்ட், மருந்தோடு தனியுரையாடல், குழுச் சிகிச்சை, குடும்பச் சிகிச்சை, கல்வியுதவி ஆகியவற்றைச் சேர்த்து 100 சிறுவர்க்கு அளித்தமையை 1981ஆம் ஆண்டில் வெளியிட்டார். மருந்து மாத்திரம் பெற்றவரிலும் இவர்கள் குற்றவழியிற் சென்றமை குறைவு என 1987ஆம் ஆண்டில் எழுதினார். ஆயினும் எவர்க்கு எச்சிகிச்சை என்பது சீட்டுக் குலுக்கி வகுக்கப்படவில்லை. ஆதலால் ஒப்பீடு ஐயத்துக்கிடமானது. அதே சிறுவரை முப்பதாண்டின் பின் நோக்கிய ஆராய்ச்சி 2007ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, இரு சாராருக்குமிடையே அவ்வேறுபாடு காணப்படவில்லை.

ஐயமற ஆராயும் பொருட்டு அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் பல நகரங்களில் ஒருங்கே ஓர் ஆராய்ச்சியை நடத்தி, 1999ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் முடிவுகளை வெளியிட்டது. 7 முதல் 10 வயதுக்குட்பட்ட 579 பிள்ளைகள் சீட்டு முறையால் நான்கு பிரிவாக வகுக்கப்பட்டு 14 மாதம் சிகிச்சை பெற்றனர். முதற் பிரிவுக்கு நன்கு அளவிட்ட மருந்து; இரண்டாவதற்கு நடத்தைப் பயிற்சி; மூன்றாவதற்கு இரண்டும்; நான்காவது பிரிவினர் தத்தம் ஊர் வைத்தியரிடம் வழக்கமான சிகிச்சை பெற்றனர். நடத்தைப் பயிற்சி என்பது சிறிய ஏற்பாடன்று. பெற்றோருக்கு 27 குழுக் கூட்டமும் 8 தனிக் கூட்டமும், பிள்ளைக்குப் பெலமின் முறைப்படி எட்டு வாரக் கோடைப் பாசறையும், வகுப்பிலே 12 வாரம் துணையாளர் ஒருவரும் அதில் அடங்கும்.

கவனக்குறைவு, மிகையியக்கம் ஆகிய மூலக்குறிகளைக் குறைப்பதிலே மருந்து பெற்ற பிரிவும் இரண்டும் பெற்ற பிரிவும் ஒத்து நின்றன. பயிற்சி மாத்திரம் பெற்றோர் அவர்களிலும் பிற்பட்டனர். இதனைக் கண்ட பலர், மருந்தே போதும் எனத் தீர்ப்புக் கூறினர். ஆனால் எதிர்த்துப் பேசுதல், அச்சம், தோழமை, பெற்றோர் பிள்ளை உறவு, வாசிப்பு ஆகியவற்றையும் சேர்த்து நோக்கியபோது, இரண்டும் பெற்றோர்க்கே ஏற்றங் காணப்பட்டது. பெற்றோரும் ஆசிரியரும் தந்த மதிப்பீட்டின்படி, குறிகள் ஏறக்குறைய நீங்கப்பெற்றோர் இணைந்த பிரிவில் நூற்றுக்கு 68. மருந்துப் பிரிவில் 56. பயிற்சிப் பிரிவில் 34. ஊர்ச் சிகிச்சைப் பிரிவில் 25. ஊர்ச் சிகிச்சையினருள் மூன்றில் இரு பங்கினர் மருந்துண்டவராயிருந்தும் இவ்வாறு பிற்பட்டமை நோக்கற்பாலது. மருந்தைக் கொடுத்தல் வேறு. மாதந்தோறும் ஆசிரியரைக் கேட்டு அளவு திருத்திக் கொடுத்தல் வேறு. இணைந்த பிரிவினர்க்கு நாளொன்றுக்குத் தேவைப்பட்ட சராசரி மருந்து 31.2 மில்லிகிராம், மருந்து மாத்திரம் பெற்றோர்க்கு 37.7 மில்லிகிராம்.

ஆராய்ச்சி முடிந்து சிகிச்சையும் தளர்ந்தபின், மூன்றாம் ஆண்டில் நோக்கியபோது நான்கு பிரிவுக்குமிடையே வேறுபாடு மறைந்துவிட்டது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு பலரைத் திடுக்குறச் செய்தது. தொடர்ந்து மருந்துண்ட பிள்ளைகள் உண்ணாதவரிலும் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் குறைவாக வளர்ந்திருந்தமையும் அப்போது தெரியவந்தது. பதினான்கு மாதச் சிகிச்சை பல்லாண்டுக்குப் போதாது. நீரூற்றுதல் நின்றபின் பயிர் வாடுதல் இயல்பே.

இணைப்பு எவ்விடத்தும் வெற்றி தரும் என்பதும் மெய்யன்று. நியூ யோர்க்கிலும் மொன்றியலிலும் அபிக்கொவ், எக்ற்மன் என்போர் தலைமையில் நடந்து 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஈராண்டு ஆராய்ச்சியிலே, மருந்தால் நன்கு தேறிய 103 பிள்ளைகளிற் சிலருக்குத் தோழமைக் குழுவும் பெற்றோர் பயிற்சியும் கல்வியுதவியும் சேர்த்தளிக்கப்பட்டன. மருந்து மாத்திரம் பெற்றோரிலும் அவர்கள் மேம்பட்டாரல்லர். வைத்தியசாலை அறையிலே கற்ற தோழமை, விளையாட்டுத் திடலுக்குத் தானாக நடந்து செல்வதில்லை. எவ்விடத்திற் குறை தோன்றுகின்றதோ அவ்விடத்திலேயே பயிற்சியும் நிகழவேண்டும் என்னும் படிப்பினையை அறிஞர் இத்தகைய முடிவுகளினின்றும் பெற்றனர்.

முந்தியது எது?

இவ்வாறு விவாதம் மருந்தா பயிற்சியா என்பதை விட்டு, எது முந்த வேண்டும் என்பதற்கு வந்தது. பெலமும் அவர் துணைவரும் 5 முதல் 12 வயது வரையுள்ள 146 பிள்ளைகளை ஒரு கல்வியாண்டு நோக்கி, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு முதலிலே சிறிய அளவு மருந்து. மற்றொரு சாராருக்கு முதலிலே பெற்றோருக்கான எட்டுக் குழுக் கூட்டமும் வகுப்பில் நாளறிக்கை அட்டையும். போதாதவர்க்குப் பின்னர் அளவு கூட்டப்பட்டது, அல்லது மற்றையது சேர்க்கப்பட்டது. பயிற்சியில் தொடங்கியோர் வகுப்பு விதிகளை மீறியமை குறைவாயிருந்தது. அதற்கொரு காரணமும் புலப்பட்டது. மருந்தில் தொடங்கிய பிள்ளைகளின் பெற்றோர், பின்னர்க் குழுக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டபோது மிகச் சிலரே வந்தனர். பிள்ளை ஓரளவு அடங்கியதும், வீட்டிலே மாறவேண்டியது யாதுமில்லை என அவர்கள் எண்ணினர் போலும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2011ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் வகுத்த நெறியும் இதற்கு இணங்கியதே: ஆறு வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் பயிற்சி முதலில், ஆறு வயதின் மேல் மருந்தும் பயிற்சியும் ஒருங்கே.

2022ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, 1937ஆம் ஆண்டின் கணக்குக் குளிசைக்கே நேராகச் செல்கின்றது. கோடைப் பாசறை வகுப்பில் 7 முதல் 12 வயது வரையுள்ள 173 பிள்ளைகளுக்குப் புதுப் பாடங்கள் கற்பிக்கப்பட்டன. மருந்துண்ட நாளிலே பிள்ளைகள் நிமிடத்துக்குச் செய்த கணக்குகள் நூற்றுக்கு 37 வீதம் கூடின. விதிமீறல் நூற்றுக்கு 53 வீதம் குறைந்தது. ஆயின் பாடத்தின் இறுதியிலே சோதித்தபோது, புதிதாகக் கற்றறிந்தது இரு நிலையிலும் ஒத்தே இருந்தது. பிராட்லியின் ஆசிரியர்கள் கண்டது பொய்யன்று. பிள்ளைகள் கணக்கை மிகுதியாகச் செய்தனர் என்பது மெய். குளிசை பிள்ளையை மேசையருகே இருத்தும். இருந்த பிள்ளைக்குக் கணக்கைக் கற்பிக்கும் கடமை ஆசிரியருடையதாகவே எஞ்சி நிற்கின்றது.

முடிவுரை

மருந்து என்பதற்குத் திருவள்ளுவர் நான்கு கூறு வகுத்தார். நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்துப் பொருள் என்னும் மூன்றோடு, அருகிருந்து பேணுவோனையும் அவர் ஓர் உறுப்பாக எண்ணினார். மேனாட்டு ஆராய்ச்சி இரு நூற்றாண்டு அலைந்து இவ்விடத்துக்கே வந்து சேர்ந்துள்ளது. கவனக் குறைபாடுடைய பிள்ளையைப் பொறுத்தவரை அருகிருந்து பேணுவோர் பெற்றோரும் ஆசிரியரும் உடன்பயிலும் தோழருமாவர். மருந்தை வெறுப்போர், தன்னை அடக்க இயலாது தவிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஓர் ஊன்றுகோலைப் பறிக்கின்றனர். மருந்தையே நம்பியிருப்போர், ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு நடை பயிற்ற மறக்கின்றனர்.

நோயைத் துணிதலும் மருந்தை விதித்தலும் வைத்தியர்க்கே உரியன. ஆசிரியர் அவற்றிலே தலையிடல் தகாது. ஆயினும் பிள்ளையை நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் காண்பவர் அவரே. கண்டதை நேர்மையாகக் குறித்து வைத்தியர்க்குத் தெரிவித்தலும், பெரிய வேலையைச் சிறு கூறாக்கித் தருதலும், நன்றாகச் செய்ததை அப்போதே பாராட்டுதலும், நாள் முடிவிலே வீட்டுக்கு ஒரு வரி எழுதி அனுப்புதலும் எந்தப் பாடசாலைக்கும் எட்டாத செயல்களல்ல. தண்டனை திருத்தவில்லை என ஸ்ரில் 1902ஆம் ஆண்டிலேயே கூறினார். திருத்துவது எது என்பதற்கு இன்று ஓரளவு விடை கிடைத்துள்ளது. அவ்விடையின் ஒரு பாதி வைத்தியர் எழுதும் சீட்டில் உள்ளது. மறு பாதி வகுப்பறையில் உள்ளது.